அடுத்த சீன் எப்ப சார் போடுவான்?

கோடம்பாக்கத்தில் ஒரு கிளினிக். சாயங்காலம் ஏழு மணி. என் டோக்கன் நம்பர் பதினேழு. உள்ளே போயிருப்பது ஒன்பது. சர்க்கரை டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. காலையில் சாப்பிட்ட நாலு இட்லியை டாக்டரிடம் எப்படி இரண்டாக்கிச் சொல்வது என்கிற யோசனையிலேயே உட்கார்ந்திருப்போம்.

சுவரில் ஒரு டி.வி. அதில் ஒரு காமெடி சேனல். 'சர்வர் சுந்தரம்' படத்திலிருந்து ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டல் சர்வர் நாகேஷ் கையில் அடுக்கடுக்காகப் பாத்திரங்களோடு டேபிள்களுக்கு நடுவே புகுந்து வருகிறார். விழுமா, விழாதா? கிளினிக்கே நிமிர்ந்து உட்கார்ந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் டோக்கன் கூப்பிட மறந்துபோனாள். எனக்கு எதிரே இருந்த ஒரு மாமி, கையிலிருந்த ரிப்போர்ட் கவரால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சரியாக மூன்று நிமிஷம். வெட்டு. மசாலாப் பொடி விளம்பரம். அது முடிந்து வேறு படம், வேறு காமெடி.

பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் கேட்டார்: "இதுக்கு அடுத்த சீன் எப்ப சார் போடுவான்?"

"எந்த சீன் சார்?"

"அவன் அம்மா செத்துப் போற சீன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காமெடி சேனலில் எப்படி சார் அதைப் போடுவான் என்று கேட்டேன். "அதான் சார் கேக்கறேன். அந்தப் பையன் இதையும்தானே நடிச்சான்? பாதியைக் காட்டிட்டு நாகேஷ்னா இப்படித்தான்னு சொன்னா எப்படி?" என்றார். ஒரு காலத்தில் சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் போட்டவராம். எண்பதைத் தொட்டிருப்பார். நாகேஷ் அவருக்கு இன்னும் 'பையன்'.

எனக்கு அன்றைக்கு சுகர் நூற்றெண்பது. அதை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை.

* * *

யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு இன்றைக்கு நாகேஷ் என்றால் என்ன? தருமி புலம்புகிற புலம்பல். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற செல்லப்பா. வெற்றிலைப் பெட்டியும் வஞ்சகமுமாக வைத்தி. எல்லாமே துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம்.

நாகேஷ் இறந்தது 2009 ஜனவரி 31-ம் தேதி. சன் குழுமத்தின் ஆதித்யா காமெடி சேனல் வந்ததும் அதே 2009-ல்தான். ஆளை அனுப்பிவிட்டு, அவருடைய சிரிப்பை மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டோம்.

உடனே 'கிளிப்பிங் ஒழிக' என்று கிளம்புகிற ஆள் இல்லை நான். என் பையனுக்கு நாகேஷைத் தெரியும் என்றால் அதற்கு முழுக் காரணம் இந்தத் துண்டுகள்தான். கறுப்பு வெள்ளைப் படத்தை இரண்டரை மணி நேரம் பார் என்றால் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். 2019-ல் 'பிரெண்ட்ஸ்' படத்து வடிவேலு, கான்ட்ராக்டர் நேசமணியாக உலகம் பூராவும் டிரெண்ட் ஆனாரே, அந்தப் படம் வந்தது 2001-ல். பதினெட்டு வருஷம் கழித்து ஒருவர் தலையில் விழுந்த சுத்தியலுக்காக ஊரே பிரார்த்தனை செய்தது. எந்தக் கதாநாயகனுக்குக் கிடைத்தது இந்த ஆயுசு?

ஆக, கிளிப்பிங் காமெடியனைக் காப்பாற்றுகிறது. சந்தேகமே இல்லை. ஆனால் எதைக் காப்பாற்றுகிறது? சிரித்த இடத்தை மட்டும். ஊறுகாய் ஜாடியில் மாங்காய் இருக்கிறது, மாமரம் இருக்கிறதா?

* * *

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் லண்டனுக்குக் கூட்டிப்போகிறேன். டிக்கெட் செலவு இல்லை.

1973-ம் வருஷம். பி.பி.சி. இரண்டாவது சேனலில் ஒரு தொடர் வந்தது. பெயர், 'செவன் ஆஃப் ஒன்'. தமிழில் சொன்னால், ஒருவரின் ஏழு. அந்த ஒருவர் ரோனி பார்க்கர் என்கிற நகைச்சுவை நடிகர். ஏழு வாரம், ஏழு தனித்தனிக் கதை. ஒவ்வொன்றிலும் அவர் வேறு ஆள். ஒரு வாரம், திக்கித் திக்கிப் பேசும் கஞ்சப் பெட்டிக்கடைக்காரர். இன்னொரு வாரம், போலீஸ் காவலோடு ஜெயிலுக்குக் கொண்டுபோகப்படுகிற பழைய திருடன். மற்றொரு வாரம், மனைவி டயட்டில் போட்டு வீட்டில் அடைத்துவைத்த கணவன்.

பி.பி.சி. இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஏழு விதை போட்டுப் பார்ப்போம், எது முளைக்கிறதோ அதைத் தொடராக்குவோம் என்பதுதான் கணக்கு. இரண்டு முளைத்தது. ஜெயில் கதை 'பாரிஜ்' என்ற தொடராகி 1974 முதல் 1977 வரை ஓடியது. பெட்டிக்கடைக் கதை 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' ஆகி, 1976-ல் தொடங்கி நடுவில் நின்று, 1985 வரை வந்தது. இங்கிலாந்தில் இன்றைக்கும் கிழவர்கள் அந்த இரண்டையும் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிறார்கள் என்றால், அதற்கான ஆரம்பம் அந்த ஏழு வாரம்.

அப்புறம் டான் பிரெஞ்ச் என்ற நடிகை வந்தார். 1991-லிருந்து 1999 வரை நான்கு சீசன், 'மர்டர் மோஸ்ட் ஹாரிட்' என்று ஒரு தொடர். வாரம் ஒரு கொலைக் கதை, வாரம் ஒரு வேஷம். சிரிக்கவைத்துக்கொண்டே சாகடிப்பார், சில வாரம் செத்தும்போவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அங்கே ஒரு டி.வி. நிறுவனம் ஒரு காமெடி நடிகரைக் கூப்பிட்டு, "உங்களால் எத்தனை மனுஷனாக ஆக முடியும், காட்டுங்கள்" என்று கேட்டது. இங்கே நம்ம டி.வி. காமெடி நடிகரைக் கூப்பிட்டு என்ன கேட்கிறது? "சார், ஒரு ஜோக் சொல்லுங்க."

* * *

நமக்கு அந்த மாதிரி சந்தர்ப்பமே இருந்ததில்லையா? இருந்தது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தது. என் வயசுக்காரர்களுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் செவ்வாய்க்கிழமை என்றால் நாடகம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் கூட்டம் கூடினால், செவ்வாய்க்கிழமை பாட்டிகள் முன்வரிசை பிடிப்பார்கள். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் ஓடிய கோஷ்டிகள் அப்படியே ஸ்டூடியோவுக்கு வந்தன. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர் என்று சபாவில் கைதட்டு வாங்கியவர்களை நம் வீட்டுக் கூடத்தில் பார்த்தோம். இரண்டு சோபா, ஒரு டெலிபோன், ஒரு கதவு. அவ்வளவுதான் செட். அதற்குள் ஒரு குடும்பமே வாழ்ந்துவிட்டுப் போகும்.

வாரம் ஒரு கதை, வாரம் ஒரு வேஷம் என்பதற்கான நாற்றங்கால் அது. அப்புறம் என்ன ஆச்சு? நான் பி.காம். படித்தவன், எனக்கு இதில் கலை நஷ்டத்தைவிட முதலில் தெரிவது காஸ்டிங்.

தினசரி சீரியலுக்கு ஒரு வீடு போதும். வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் மூன்று எபிசோடுக்கு வேண்டியதை எடுத்துத் தள்ளலாம். அதே மாமியார், அதே மாடிப்படி, அதே அழுகை. எபிசோடு கூடக் கூட ஓர் எபிசோடுக்கான செலவு குறையும். தனித்தனிக் கதை என்றால் வாரா வாரம் புது ஸ்கிரிப்ட், புது செட், புது ஆள். செலவு குறையவே குறையாது. பார்க்கிறவரும் 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்று கட்டுண்டு வரமாட்டார். கிளிப்பிங்கோ எல்லாவற்றையும்விட மலிவு. உரிமை கையில் இருக்கிற படம் இருக்கவே இருக்கிறது. ஒரு எடிட்டர், ஒரு கத்தரி.

அதனால் மெகா சீரியல் ஜெயித்தது, கிளிப்பிங் ஜெயித்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

நடுவில் ஒரு தடவை கிட்டத்தட்ட வந்தது. 2000-களில் விஜய் டி.வி.யில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'. வாரம் ஒரு படத்தை எடுத்துக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். சந்தானம் ஒரு வாரம் ஒரு ஹீரோவாக இருப்பார், அடுத்த வாரம் இன்னொரு ஹீரோ. மனோகரும் சுவாமிநாதனும் பக்கத்தில் நின்றாலே சிரிப்பு. நான் அதற்கு அடிமையாக இருந்தேன், மறைக்கவில்லை. ஆனால் அது வேஷம் கட்டுவதைக் கேலி செய்த வேஷம். சந்தானம் எத்தனை நடிகர்களாக ஆக முடியும் என்று காட்டியது. எத்தனை மனிதர்களாக ஆக முடியும் என்று காட்டவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

* * *

சரி, டி.வி. செய்யவில்லை. நாமே செய்வோம். நாகேஷுக்கு நாமே ஒரு 'ஒருவரின் ஏழு' போடுவோம். ஏழு ராத்திரி, ஏழு படம். எல்லாமே ஐந்தே வருஷத்துக்குள் வந்தவை: 1964-லிருந்து 1968 வரை.

முதல் ராத்திரி, 'காதலிக்க நேரமில்லை' (1964). சினிமா எடுக்கத் துடிக்கும் பணக்கார வீட்டுப் பையன் செல்லப்பா. அந்தப் பேய்க்கதைக் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பீர்கள். நூற்றியோராவது தடவை நாகேஷைப் பார்க்காதீர்கள், பாலையாவைப் பாருங்கள். நமக்குச் சிரிப்பு வருவது பெரும்பாலும் பாலையாவின் முகத்தில். அதை வரவழைப்பவர் நாகேஷ். தான் சிரிப்பு வாங்காமல் எதிராளிக்கு வாங்கிக் கொடுக்க ஒரு காமெடியனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

இரண்டாவது, 'சர்வர் சுந்தரம்' (1964). கே.பாலசந்தர் கதை, ஏவி.எம். தயாரிப்பு, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஓட்டல் சர்வர் சினிமா நடிகனாகிறான். ஊர் சிரிக்கிறது. அவன் விரும்பிய பெண் அவனுக்குக் கிடைக்கவில்லை. உயிராக நினைத்த அம்மாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கிடைக்கவில்லை. கோடம்பாக்கம் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்ட படம் இது. பாட்டுப் பதிவு எப்படி நடக்கும் என்று எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் நேரிலேயே வந்து காட்டுவார்கள்.

மூன்றாவது, 'நீர்க்குமிழி' (1965). பாலசந்தர் இயக்கிய முதல் படம். முக்கால்வாசிப் படமும் ஆஸ்பத்திரிக்குள். புற்றுநோயாளி சேது, வார்டையே சிரிக்கவைக்கிறான். நேர்மையாகச் சொன்னால், இன்றைக்குப் பார்க்கும்போது படத்தில் மேடை வாசனை கொஞ்சம் தூக்கல். எல்லோரும் ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசுகிறார்கள். நாகேஷும்தான். ஆனால் அவர் பேசாமல் படுத்திருக்கிற இடங்கள் பழசாகவில்லை.

நான்காவது, 'திருவிளையாடல்' (1965). தருமி. இதைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? ஒன்று சொல்கிறேன். தருமி நம்மைச் சிரிக்கவைப்பதற்காகப் புலம்பவில்லை. அவனுக்குப் பசி. ஆயிரம் பொற்காசு என்றதும் ஆசை. இதுவும் கிடைக்காதோ என்கிற பயம். அந்தப் பசியும் ஆசையும் பயமும் நிஜமாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. எதிரே சாட்சாத் சிவாஜி கணேசன் சிவபெருமானாக நிற்கிறார். கடவுளிடமே சந்தேகம் கேட்கிற ஏழைப் புலவனாக இந்த ஒல்லி உடம்பு நிற்கிறது. எந்தப் பக்கம் பார்க்கிறோம் நாம்?

ஐந்தாவது, 'மேஜர் சந்திரகாந்த்' (1966). இதை நீங்கள் காமெடி சேனலில் பார்த்திருக்கவே முடியாது. நாகேஷ் இதில் தையல்காரர் மோகன். உயிராக வளர்த்த தங்கை ஜெயலலிதா. அவள் ஏமாற்றப்பட்டுச் சாகிறாள். அண்ணன் கொலைகாரனாகிறான். (இந்தக் கதையில் வருகிற ஒரு பெயரைத்தான் பாலசந்தர் சில வருஷம் கழித்து ஒரு முன்னாள் பஸ் கண்டக்டருக்கு வைத்தார். ரஜினிகாந்த் என்று.) சிரிப்பு நடிகன் கொலை செய்வதை 1966-ல் ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். நமக்குத்தான் இன்றைக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது.

ஆறாவது, 'எதிர்நீச்சல்' (1968). பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வசிக்கும் அநாதை மாது. எல்லார் வீட்டு வேலையும் செய்கிறான், எல்லார் வீட்டு மிச்சத்தையும் சாப்பிடுகிறான், நடுவில் படிக்கிறான். பட்டு மாமி சௌகார் ஜானகியும் கிட்டு மாமா ஸ்ரீகாந்தும் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாகேஷ் படம் முழுக்க அந்தப் படிக்குக் கீழே குனிந்து வாழ்கிறார். மாடிப்படிக்குக் கீழே வாழ்கிறவனின் உடம்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஏழாவது, 'தில்லானா மோகனாம்பாள்' (1968). சவடால் வைத்தி. மாதுவாக நடித்த அதே வருஷம், அதே உடம்பு. ஆனால் இந்த ஆளை வீட்டு வாசலில் பார்த்தால் நாம் கதவைச் சாத்திவிடுவோம். பணக்காரர் முன்னால் ஒரு முதுகு, மற்றவர் முன்னால் வேறொரு முதுகு. பெண்ணை விலை பேசுகிறவன். சிரிப்பு வருகிறது, வந்ததற்காக நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அப்பாவி, அம்மா பிள்ளை, நோயாளி, ஏழைப் புலவன், கொலைகாரன், அநாதை, தரகன். ஐந்து வருஷம்! இதற்கு நடுவில் பெயர்கூட ஞாபகம் இல்லாத எத்தனையோ படங்களில் அவர் வந்து விழுந்து எழுந்து போயிருக்கிறார், அதையும் மறைக்க வேண்டாம். கால்ஷீட் கேட்டவருக்கெல்லாம் கொடுத்த காலம் அது. ஆனாலும் இந்த ஏழு போதும்.

* * *

அப்படியானால் ஒரு கேள்வி. நகைச்சுவையில் ஜெயித்தவர் சீரியஸ் வேஷத்தில் நன்றாக நடித்தால், நாம் ஏன் அதிசயப்படுகிறோம்?

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "காமெடியன்னு நெனச்சோம்... என்னமா நடிச்சிருக்கார்!" பாராட்டுதான். ஆனால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஓர் அவமானம் இருக்கிறது. இத்தனை நாள் அவர் செய்ததெல்லாம் நடிப்பில்லை என்று நாம் நினைத்திருந்தோம் என்றுதானே அர்த்தம்?

கடந்த சில வருஷங்களில் இந்த வசனத்தை அடிக்கடி சொல்லியிருக்கிறோம். 2021-ல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா'. தியேட்டருக்கே வராமல் நேராக விஜய் டி.வி.யில் வந்தது. ஊரே இளிச்சவாயன் என்று கூப்பிடுகிற முடிதிருத்துபவராக யோகி பாபு. ஒரே ஓர் ஓட்டு கைக்கு வந்ததும் அந்த ஊர் அவரைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. 2022-ல் 'செம்பி' படத்தில் மலைவாழ் பாட்டியாகக் கோவை சரளா. 2023-ல் 'விடுதலை' முதல் பாகத்தில் சூரி. அதே வருஷம் 'மாமன்னன்'. எம்.எல்.ஏ. ஆன பிறகும் உட்காரச் சொல்லப்படாத மனிதராக வடிவேலு. அந்த முகத்தைப் பார்த்தவுடனே சிரித்துப் பழகிய தியேட்டர், அன்றைக்குச் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டது. நான் அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எம்.எஸ்.பாஸ்கர். சன் டி.வி.யின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் பட்டாபியாக நம் வீட்டுக்குள் வந்தவர். 2023-ல் வெளியான 'பார்க்கிங்' படத்தில், ஒரு காரை நிறுத்துகிற இடத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மிருகமாகிற ரிட்டயராகப் போகும் அரசு ஊழியர். 2025-ல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். பட்டாபிக்கு நாம் என்ன விருது கொடுத்தோம்?

என் கட்சி இதுதான். பட்டாபி கீழ்ப்படி, பார்க்கிங் மேல்படி என்று நாம் வைத்திருக்கிற ஏணியே தப்பு. பட்டாபியில் தவறாத டைமிங் பழகிய ஆளால்தான் பார்க்கிங்கில் ஒரு பார்வையை அரை விநாடி தள்ளிப்போட முடிகிறது. அங்கே சிரிக்கவைத்த அதே அரை விநாடி, இங்கே வயிற்றைக் கலக்குகிறது. வேகமாக ஓடத் தெரிந்தவன் நிற்கும்போதுதான் நிற்பது தெரியும். நாகேஷ் அழும் காட்சி நம்மைப் பிசைகிறதென்றால், அதற்கு முந்தின ஒரு மணி நேரம் அவர் ஓடிய ஓட்டம்தான் காரணம். கிளிப்பிங் ஓட்டத்தை மட்டும் காட்டுகிறது. விருதுக் கமிட்டி நின்றதை மட்டும் பார்க்கிறது. முழு ஆளை யாருமே பார்ப்பதில்லை.

* * *

இப்போது ஓ.டி.டி. வந்துவிட்டதே, அங்கே குறுங்கதைத் தொகுப்புகள் வருகிறதே என்பீர்கள். வருகிறது. 'புத்தம் புதுக் காலை', 'பாவக் கதைகள்', 'நவரசா', 'மாடர்ன் லவ் சென்னை'. எல்லாமே டைரக்டர்களின் தொகுப்பு. அல்லது ஒரு கருப்பொருளின் தொகுப்பு. ஒரு நடிகரின் தொகுப்பு எங்கே?

2021-ல் வந்த 'நவரசா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ரசம், ஒன்பது கதை. ஹாஸ்ய ரசம் யாருக்கு? பிரியதர்ஷன் இயக்கத்தில் யோகி பாபுவுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்! அந்தக் கதையில் அவர் பேர் வாங்கிவிட்ட காமெடி நடிகர். படித்த பள்ளிக்கூடத்து விழாவுக்கு வந்து பழைய கதை சொல்கிறார். மைக் முன்னால் நின்று சொல்வதுதான் பெரும்பாலும் வேலை. அதில் இருந்த கிண்டல்கள் பலருக்குக் கசந்தன, எனக்கும். ஆனால் என் முதல் வருத்தம் வேறு. அதே வருஷம்தான் 'மண்டேலா'வும் வந்தது. அதைப் பார்த்தவர் யாராவது யோகி பாபுவை ஹாஸ்ய டப்பாவில் மட்டும் போடுவார்களா? கருணையைக் கொடுத்திருக்கலாம். பயத்தைக் கொடுத்திருக்கலாம். ஒன்பதையும் அவருக்கே கொடுத்துப் பார்த்திருக்கலாம்! அதுதானே நான் கேட்கிற தொடர்?

கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். ஒரு கடைக்கு ஊரில் இருக்கிற நல்ல பேர். அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் கடைக்காரர் தானாகச் சம்பாதித்த நல்ல பேரைத் தன் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதிக்கொள்ள முடியாது. கடையை இன்னொருவர் விலைக்கு வாங்கும்போதுதான் வாங்கியவர் புத்தகத்தில் அது ஏறும். காலேஜில் இதை மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது புரிகிறது, நம்ம காமெடி நடிகர்களின் கதை இதுதான். இருக்கும்வரை புத்தகத்தில் ஏறாது. ஆள் போனதும் 'மகா கலைஞன்' என்று எழுதுவோம்.

மனோரமாவுக்கு 2002-ல், விவேக்கிற்கு 2009-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்லது. நாகேஷுக்குப் பத்ம விருது எதுவும் கிடைக்கவில்லை. தேசிய விருது கிடைத்தது 'நம்மவர்' (1994) படத்துக்கு, சிறந்த துணை நடிகர் என்று. அதில் அவர் சிரிக்கவைத்தாரா, அழவைத்தாரா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்து, வசனம் இல்லாமல், கண் திறக்காமல், ஊரைச் சிரிக்கவைத்தார். அதற்கு விருது இல்லை.

* * *

ஆகவே, டி.வி.க்காரர்களுக்கும் ஓ.டி.டி.க்காரர்களுக்கும் ஒரு பி.காம்.காரனின் யோசனை. ஒரே ஒரு நடிகரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.பாஸ்கரோ, கோவை சரளாவோ, வடிவேலுவோ. ஏழு எழுத்தாளர்களைப் பிடியுங்கள். ஏழு வாரம். பிரம்மாண்டம் வேண்டாம், இரண்டு சோபா, ஒரு டெலிபோன், ஒரு கதவு போதும். ஏழில் இரண்டு முளைத்தால் உங்களுக்கு இரண்டு தொடர் லாபம். முளைக்காத ஐந்தும் அந்த நடிகருடைய கணக்கில் ஏறும்.

அதுவரைக்கும் நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த தடவை ஒரு காமெடித் துண்டைப் பார்த்துச் சிரித்தால், அந்தப் படத்தைத் தேடி அதற்கு அடுத்த சீனையும் பாருங்கள். அவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆகும்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் டோக்கன் பன்னிரண்டு. உள்ளே போகிறதுக்கு முன்னால் கேட்டேன்: "நீங்க போட்டதுல எந்த சீன் சார் உங்களுக்குப் பிடிச்சது?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு டிராமாவுல நான் சமையக்காரன். ரெண்டு மணி நேரம் சபாவே சிரிச்சிட்டிருக்கும். கடைசி சீன்ல எனக்கு டயலாக்கே கிடையாது. பெண்ணு புருஷன் வீட்டுக்குப் போறா, நான் வாசல்ல கரண்டியோட நிக்கணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு எழுந்தார். ரிசப்ஷன் பெண் இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு ஒருத்தன் சிரிக்கல சார்" என்றார், ரொம்பப் பெருமையாக.